என்ன சாப்ட்ட, அம்மிணி?

"என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செய்யறேன். எண்ணச் சொல்லாதீங்க. அது மட்டும் நம்மளால ஆகாது" என்றாள் தாரணி.

எதிரே இருந்த ரெபேக்கா சிரித்தாள். கோயம்புத்தூரில் அப்போது புதிதாகத் திறந்திருந்த 'இலகு' எடைக் குறைப்பு நிலையத்தில் அவள் உணவு ஆலோசகர். மேசை மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சை ஆப்பிள்கள் இருந்தன. அவை மெழுகில் செய்தவை என்பதைத் தாரணி வந்ததுமே கவனித்துவிட்டாள்.

"ரெண்டு வழிதான் மேடம் இருக்கு. ஒண்ணு திட்டம். எங்க சமையலறையில இருந்து தினமும் டப்பா வரும். உள்ள இருக்கறதை அப்படியே சாப்பிடணும், யோசிக்கவே வேண்டாம். இன்னொண்ணு கணக்கு. எதையும் சாப்பிடலாம். ஆனா வாய்க்குள்ள போற ஒவ்வொண்ணுக்கும் கலோரி எழுதணும்."

"இதுல எதுங்க நிக்கும்?" என்று கேட்டான் பக்கத்தில் இருந்த அவள் கணவன் நந்தகுமார். "குறைக்கறது இவளுக்குப் பெரிய விஷயமே இல்லீங்க. மூணு தடவை குறைச்சுட்டா. மூணு தடவையும் போனது அப்படியே திரும்பி வந்துருச்சு."

"கூடவே ரெண்டு கிலோ விருந்தாளியையும் கூட்டிட்டு" என்றாள் தாரணி.

ரெபேக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "திட்டம் சீக்கிரம் குறைக்கும் சார். ஆனா ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து வந்தா உடைஞ்சிரும். கணக்கு மெதுவாத்தான் குறைக்கும், ஆனா விடாம எழுதறவங்களுக்கு எடை அப்படியே நிக்கும். என்ன, விடாம எழுதறவங்களைப் பார்க்கறதுதான் கஷ்டம்."

"நாள் முச்சூடும் பிளஸ் டூ பசங்க பேப்பருக்கு மார்க் போடறேனுங்க. வீட்டுக்கு வந்து என்ற வாய்க்கும் மார்க் போடோணுமா? கடிக்கறப்பவே இது எவ்வளவுன்னு யோசிச்சா, அப்பறம் அது முறுக்கே இல்லீங்க. திட்டமே இருக்கட்டும்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் உள்ளே பயம் இருந்தது. அவளுடைய அம்மாவிடமிருந்து சர்க்கரை நோய் முதலில் கண்ணைப் பறித்தது, பிறகு சிறுநீரகத்தை, பிறகு அம்மாவையே. கடைசி வருடத்தில் அம்மா மகளின் முகத்தை விரல்களால் தடவித்தான் அடையாளம் கண்டுகொண்டாள். போன மாதம் தாரணியின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "உங்கம்மா போன ரோட்டுலதான் நீங்களும் போயிட்டு இருக்கீங்க. குறைச்சா மட்டும் போதாது, குறைச்சதைக் காப்பாத்தணும்" என்று சொல்லியிருந்தார்.

அன்று நந்தகுமார் ஏதோ கேட்க வேண்டும் என்று உள்ளேயே தங்கினான். தாரணி வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் வெகுநேரம் காத்திருந்தாள்.

டப்பா வர ஆரம்பித்த அதே வாரத்தில் மத்தியானப் போனும் வர ஆரம்பித்தது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடங்களில் நந்தகுமார் பகலில் கூப்பிட்டால் அது ஏதாவது சாவி காணாமல் போன நாளாக இருக்கும். பம்புசெட் கம்பெனியில் ஏற்றுமதி மேலாளர் அவன். எப்போதாவது அவனாகக் கூப்பிட்டாலும் "சாப்ட்டியா? செரி, வெக்கறேன்" என்பதோடு முடிந்துவிடும். ஊரெல்லாம் கேட்கிற கேள்விதான். சாப்பிட்டேன் என்பதைத் தவிர அதற்கு வேறு பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இப்போது ஒரு மணிக்குச் சரியாக அழைப்பு வந்தது.

"அம்மிணி, சாப்ட்டியா? என்ன சாப்ட்ட?"

"டப்பாதாங்க."

"டப்பா பூராவுமா? டீச்சருங்க ஏதாச்சும் கொண்டாந்திருப்பாங்களே?"

"ஹேமா டீச்சர் புளிசாதம். ரெண்டு வாய்."

"ரெண்டுதானா?"

"செரி, நாலு வாய். போதுங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "அப்பறம்?"

அந்த 'அப்பறம்?' தாரணியைக் கட்டிப்போட்டது. அவசரமில்லாத ஒரு 'அப்பறம்'. சொல்லச் சொல்ல இன்னும் வேண்டும் என்று கேட்கிற 'அப்பறம்'. ஆய்வகத்தில் குடுவை உடைந்தது, தலைமையாசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டது, பொண்ணு இனியா கணக்குப் பாடத்துக்குப் பயந்து வயிற்றுவலி என்று பொய் சொன்னது என்று எல்லாவற்றையும் சொன்னாள். வெகுநாளாகத் தன்னிடம் இவ்வளவு பேச்சு பாக்கி இருந்தது அவளுக்கே தெரியாது.

அதைவிட அந்த 'அம்மிணி'. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே நந்தகுமார் புனேயில் பயிற்சியில் இருந்த நாலு மாதமும் அவளை அப்படித்தான் கூப்பிட்டான். வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளுவான். தங்கியிருந்த அறையில் பல்லி விழுந்ததைக்கூட ஐந்து நிமிடம் சொல்வான். கல்யாணத்துக்குப் பிறகு 'அம்மிணி' மெல்ல 'புள்ள' ஆகி, 'இந்தா' ஆகி, இப்போதெல்லாம் கூப்பிடாமலே நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறான். வீட்டில் இன்னமும் அப்படித்தான் இருந்தான். போனில் மட்டும் பழைய மாப்பிள்ளை.

"இத்தன வருசத்துக்கு அப்பறம் ஒரு மனுசன் தெனமும் என்ன சாப்ட்டன்னு கேக்கறான்னா, ஒண்ணு அவன் எதுலயோ மாட்டியிருக்கணும், இல்ல உன்னை மாட்டிவிடப் போறான்" என்றாள் ஹேமலதா டீச்சர்.

"உங்களுக்குப் பொறாமைங்க டீச்சர்."

"பின்ன? என் வீட்டுக்காரர் என் சாப்பாட்டைப் பத்திக் கேக்கறது ஒரே கேள்விதான். 'எனக்கு வெச்சிருக்கியா?'"

சாயங்காலம் அவன் வந்ததும், "மத்தியானம் சொன்னனே, இனியாவோட டீச்சரப் போய்ப் பாத்துரலாமா?" என்பாள். நந்தகுமார் ஒரு கணம் விழித்துவிட்டு, "ஆமா ஆமா, பாத்துரலாம்" என்பான். முழுக்க மறந்துபோயிருப்பது முகத்திலேயே தெரியும். அவள் கோபித்துக்கொண்டதில்லை. காதில் போட்டதில் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டு வருவதுதான் ஆண்களின் வழக்கம் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். கேட்டானே, அது போதும் என்று நினைத்துக்கொள்வாள்.

எடை இறங்கியது. தீபாவளி வந்து போனது, நாத்தனார் மகள் சீர் வந்து போனது, ஏறவில்லை. மைசூர்பாகு சாப்பிட்டுவிட்டுப் போனில் ஒப்புக்கொண்ட மறுநாள், டப்பாவில் சோறு இருந்த இடத்தில் வெள்ளரிக்காய் இருக்கும். "இந்தத் திட்டத்துக்கு ஜோசியம் தெரியும் போல" என்று சிரித்தாள். கணக்கு எழுதி எழுதிச் சலித்துப்போன இரண்டு டீச்சர்களை அவளே 'இலகு'வுக்கு அழைத்துப் போனாள். "எண்ணறதை விடுங்க. திட்டம்தான் நிக்கும். என்னையப் பாருங்க" என்றாள். ஒரு வருடம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், எழுந்து நின்று கை குலுக்கினார்.

அடுத்த சித்திரையில் அவளுடைய அப்பா அர்த்தநாரி படுத்துவிட்டார்.

லீவு போட்டுவிட்டுத் தாரணி திருச்செங்கோட்டுக்குப் போனாள். மூச்சு வாங்கிக்கொண்டே அப்பா ஒருநாள் காலையில் அவள் கையைப் பிடித்தார்.

"கண்ணு, மாப்ளைய ஒருக்கா வரச் சொல்லு. அவருகிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"என்னங்கப்பா? எங்கிட்டச் சொல்லுங்க."

"உங்கிட்டச் சொல்றதில்ல. மாப்ள வரட்டும்."

ஒரு மணிப் போனில் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"செரி அம்மிணி, பாத்துக்கலாம். நீ மனசை விடாத" என்றது குரல். "மத்தியானம் என்ன சாப்ட்ட? அங்க யாரு சமைக்கறாங்க?"

அன்று அவன் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ராத்திரி 'எப்படி இருக்கார்?' என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வரும். 'அப்படியேதான்' என்று அனுப்புவாள். இன்னொரு முறை கூப்பிட மனம் வரவில்லை. பெற்றவனுக்காகக் கட்டியவனிடம் ஒரு தடவை கேட்கலாம். இரண்டாம் தடவை கேட்டால் அது கெஞ்சுவது ஆகிவிடும். கப்பல் ஏற்ற வேண்டிய சரக்கு இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். காரின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா வாசலைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவர் போய்விட்டார். தகவல் தெரிந்த கையோடு நந்தகுமார் ஓடி வந்தான். அவன் கண் சிவந்திருந்தது. வேலையை எல்லாம் இழுத்துப் போட்டுச் செய்தான். குளித்து ஈர வேட்டியோடு வந்தபோது தன் போனை அவளிடம் கொடுத்தான். அவள்தான் அதைக் கொண்டுபோய்க் காருக்குள் வைத்துப் பூட்டினாள்.

உச்சி வெயிலில் எடுத்தார்கள். தம்பி அருள் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். மூத்த மருமகனாக நந்தகுமார் முன்பக்கம் தோள் கொடுத்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். பறைச் சத்தம் நகர்ந்து போகப் போக, தாரணியின் கைக்குட்டைக்குள் சுற்றியிருந்த அவளுடைய போன் அதிர்ந்தது.

திரையில் அவன் பெயர்.

காரை யாரோ திறந்து எடுத்துவிட்டார்களா? குழப்பத்தோடு காதில் வைத்தாள்.

"அம்மிணி, சாப்ட்டியா? என்ன சாப்ட்ட?"

காலையிலிருந்து அடுப்புப் பற்றவைக்காத வீடு அது. சாவு விழுந்த வீட்டில் இப்படி ஒரு கேள்வியை எதிரிகூடக் கேட்க மாட்டான். தாரணி நிமிர்ந்தாள். சற்று தூரத்தில் நந்தகுமார் இரண்டு கைகளாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக் கடித்தபடி, அவளுடைய அப்பாவைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் சாப்பிடலையா? உடம்புக்கு ஆகாது அம்மிணி. ஏதாச்சும் ஒரு வாய் சாப்பிடு" என்றது காதோரக் குரல். எத்தனை அன்பு அதில்! "அப்பறம்?"

பக்கத்தில் நின்ற சித்தி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பாவை நினைத்து விழுந்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து கோயம்புத்தூர் திரும்பும்போது பெருந்துறை தாண்டியதும் அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். இனியா பின்சீட்டில் தூங்கிவிட்டாள்.

"மாமா, எங்கப்பா உங்கள வரச் சொன்னாரு. ஒண்ணு சொல்லோணும்னாரு."

"எப்ப?"

அவள் கேட்க நினைத்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே பதிலாகிவிட்டது.

"உங்ககிட்ட அழுதுட்டே சொன்னனே. செரி அம்மிணின்னீங்களே."

நந்தகுமார் காரைச் சாலையோரம் நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான்.

"எப்ப இருந்து நீங்க இல்லீங்க?" என்றாள் தாரணி.

"மொதல் ரெண்டு வாரம் நானேதான் புள்ள கூப்ட்டேன். நெசமா. அப்பறம் மீட்டிங்கு, ஷிப்மெண்ட்டு... அந்த ரெபேக்கா மொத நாளே சொன்னாங்க. 'மேடம் எண்ண மாட்டாங்க, ஆனா பேசுவாங்க. யாராச்சும் பாசமாக் கேட்டா எல்லாத்தையும் சொல்லிருவாங்க. பேச்சுல இருந்து நாங்க எண்ணிக்கறோம்'னாங்க. துணைக்குரல்னு பேரு. என்ற கொரல்ல, என்ற நம்பர்லயே கம்ப்யூட்டர் கூப்ட்டுப் பேசும். உன் டப்பாவை அதை வெச்சுத்தான் மாத்தி மாத்தி அனுப்புவாங்க."

"அப்ப நான் திட்டத்துலயே இல்ல. எண்ணிட்டுத்தான் இருந்திருக்கேன்."

"நீ எண்ணல. அது எண்ணுச்சு."

"வேண்டாம்னு நான் சொன்னது அது ஒண்ணுதானுங்க." குரல் உயரவில்லை. "அந்தக் கொரலு ஏது?"

அவன் தயங்கினான். "என்ற பழைய போன்ல இருந்துச்சு. புனேயில இருந்து உனக்கு அனுப்பினது. நீளமா, தெளிவா வேணும்னாங்க. கல்யாணத்துக்கு அப்பறம் நான் உனக்கு அனுப்பினதெல்லாம் 'வர்றப்ப பால் வாங்கிட்டு வா'ங்கற அளவுலதான் இருந்துச்சு."

தாரணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாக மாறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்கம்மா மாதிரி நீ ஆயிரக் கூடாதுன்னுதான் புள்ள. வேற என்ன இருக்கு எனக்கு?"

"தெரியுங்க. அதனாலதான் வாயைத் தொறந்து திட்டக்கூட முடியல."

"உங்கப்பா கூப்ட்டாருன்னு தெரிஞ்சிருந்தா வராம இருந்திருப்பேனா? கப்பலாவது ஒண்ணாவது. போட்டுட்டு வந்திருப்பேன்."

"வந்திருப்பீங்க. அதுதானுங்க எனக்கு ஆறவே மாட்டேங்குது."

மறுவாரம் அவள் தனியாக 'இலகு'வுக்குப் போனாள். மெழுகு ஆப்பிள்கள் அங்கேயே இருந்தன. ரெபேக்கா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். நந்தகுமார் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும்.

"எங்கப்பா கூப்டறாருன்னு சொன்னேன். அந்தப் பேச்சு எங்கீங்க?"

"அதையெல்லாம் நாங்க வெச்சுக்கறதே இல்லை மேடம். உங்க அந்தரங்கம் அது. சாப்பாட்டுப் பேச்சை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு மீதியை அந்த நிமிஷமே அழிச்சிருவோம். சாருக்குக்கூட அது போகாது. அந்த விஷயத்துல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது அவளுக்கு நினைவு வந்தது. வடிதாளில் தங்குவதைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டு, கீழே இறங்கியதைத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். வடிதாளில் நாலு வாய் புளிசாதம் தங்கியிருக்கிறது. அப்பா கீழே இறங்கிப் போய்விட்டார்.

"அப்பறம், அப்பறம்னு கேக்குமே, அது எதுக்குங்க?"

ரெபேக்கா முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்தினாள். "பேச்சு நிக்காம இருக்கறதுக்குத்தான். 'அப்பறம்'னு கேட்டா மறந்துபோனதும் தானா வெளிய வரும். ஒரு வடை, ரெண்டு பிஸ்கட்... அந்த மாதிரி." பிறகு நிமிர்ந்து, "மேடம், ஒண்ணு சொல்லட்டா? இத்தனை பேரைப் பார்த்துட்டேன். திட்டமும் நிக்கறதில்லை, கணக்கும் நிக்கறதில்லை. தினமும் ஒருத்தர் கேட்டாத்தான் நிக்குது. வீட்டுல யாருக்கும் நேரமில்லை. அதான் இதைக் கண்டுபிடிச்சோம்" என்றாள்.

தாரணி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சார் பேர்ல இருக்கு. இன்னிக்கே நிறுத்திடறேன்."

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள் தாரணி.

நந்தகுமார் திருந்திவிட்டான். அவனே அதைச் சொல்லிக்கொண்டான். தன் போனிலிருந்து துணைக்குரலை அவள் கண்ணெதிரே அழித்தான். திங்கட்கிழமை மத்தியானம், மீட்டிங் நடுவில் எழுந்து வராந்தாவுக்கு வந்து தானே கூப்பிட்டான்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வாய் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அந்தக் கேள்வி இனி அவனுடையது இல்லை. வேறு என்ன கேட்பது? யோசித்தான். பம்புகளின் இரைச்சல் கேட்டது.

"செரி, வெக்கட்டுமா?"

"ம்."

கொஞ்ச நாள் அப்படிப் போனது. பிறகு ஒரு மணிக்குக் கூப்பிட்டால் லைன் பிஸியாக இருந்தது. ஒருநாள் என்றால் சரி. மறுநாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒன்றரைக்குக் கூப்பிட்டால் எடுத்தாள். "ஸ்கூல் விஷயங்க" என்றாள். வீட்டில் அவள் குறை வைக்கவில்லை. இட்லி சூடாக இருந்தது. சட்டைகள் இஸ்திரி போட்டிருந்தன. கேட்டால் பதில் வந்தது. கேட்காவிட்டால் ஒரு சொல்லும் வரவில்லை. முன்பெல்லாம் 'மத்தியானம் சொன்னனே' என்று ஆரம்பிப்பாள். அது எத்தனை பெரிய சொத்து என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

காலாண்டு விடுமுறை வந்தது. ஸ்கூல் இல்லை. அப்போதும் ஒரு மணிக்கு லைன் பிஸி.

அன்று நந்தகுமாரால் உட்கார முடியவில்லை. யார் அது? கூட வேலை பார்க்கிறவனா? பழைய பழக்கமா? இப்படியெல்லாம் நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடே கார் சாவியை எடுத்தான். வழியில் என்னவோ தோன்றி ஜாதிமல்லி வாங்கிக்கொண்டான்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. உள்ளே அவள் குரல் கேட்டது. இத்தனை மாதங்களாக அவன் கேட்காத குரல், ஆற்றில் தண்ணீர் வந்த மாதிரி.

"...சீட்டுப் பணத்தைப் பத்தி இருக்குமோன்னு அருள் சொல்றான். எனக்கு அப்படித் தோணல. என்ற பொண்ணைப் பத்திரமாப் பாத்துக்கங்கன்னுதான் சொல்ல நெனச்சிருப்பாரு. அப்பாவுக்கு அதைச் சொல்றதுக்குக் கூச்சம். எங்கிட்டச் சொல்ல முடியாதுல்ல..."

சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். நந்தகுமார் கதவைத் தள்ளினான்.

சாப்பாட்டு மேசையில் போன் சாய்த்து வைத்திருந்தது. அவள் எதிரே தட்டும், பாதி சாப்பிட்ட தோசையும். அவனைப் பார்த்ததும் அவள் பதறவில்லை, எழுந்திருக்கவில்லை, போனை மறைக்கவும் இல்லை.

"யாரு கூடப் பேசிட்டிருக்க?" பூப்பொட்டலத்தை நீட்டாமலே கேட்டான்.

தாரணி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்ககூடத்தாங்க" என்றாள்.

போனிலிருந்து இளமையான, அவசரமே இல்லாத, புனேயில் ஒரு சின்ன அறையில் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்த ஒருவனின் குரல் கேட்டது.

"அப்பறம், அம்மிணி?"